ரிப்போர்ட் நார்மல், வயிறு நார்மல் இல்லை

போன பதிவுல சின்ன வெங்காயம் நடவு பத்தி எழுதினேன். அடுத்து திருகல் நோய் பத்தி எழுதுறதா சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இந்த வாரம் வயிறு பத்தி எழுதப் போறேன். என் தங்கச்சி கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். "பேரை மட்டும் போட்டுறாதண்ணே, மத்ததை எழுது. என்னை மாதிரி எத்தனை பேரு இருக்காங்களோ"ன்னு சொல்லிட்டா.

தங்கச்சிக்கு 44 வயசு. எங்க ஊர்ல இருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளிக் கட்டிக் குடுத்திருக்கோம். மாப்ளைக்கு ரெண்டரை ஏக்கர், ரெண்டு கறவை மாடு, கொஞ்சம் வெள்ளாடு. மாமியாரும் கூடவே இருக்காங்க. ஏழு வருஷம் முன்னாடி ஒரு ஐப்பசி மழையில அவங்க தெருக் குடிதண்ணிக் குழாய்ல சாக்கடை கலந்து, தெருவுக்கே வாந்தி பேதி. தங்கச்சிக்கு மூணு நாள் குளுக்கோஸ் ஏத்தினாங்க. தெருவுல எல்லாரும் ஒரு வாரத்துல எந்திரிச்சு வேலைக்குப் போயிட்டாங்க. இவளுக்கு மட்டும் அது முழுசாப் போகலை.

பேதி நின்னுச்சு. ஆனா வயிறு பழைய வயிறா இல்லை. ஒரு நாள் காலையில நாலு தடவை ஓடுவா. அப்புறம் மூணு நாளைக்குப் போகவே போகாது. அடிவயித்தைத் துணி பிழியற மாதிரி முறுக்கும். போயிட்டு வந்தா கொஞ்சம் அடங்கும். வெளியூர் கல்யாணத்துக்குப் பஸ் ஏறணும்னா முதல் நாள் ராத்திரியே சாப்பாட்டை நிறுத்திருவா. எங்க வீட்டுக் காதுகுத்துக்கு வந்தவ பந்தியில உக்காரவே இல்லை. தாய்மாமன் வீட்டு விருந்துல பச்சைத் தண்ணி மட்டும் குடிச்சுட்டுப் போனா.

பார்க்காத வைத்தியம் இல்லை. ரத்தம், மலம் எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு. வயித்து ஸ்கேன் ரெண்டு தடவை. வாய் வழியா ஒரு கேமரா, கீழ வழியா ஒரு கேமரா. எல்லா ரிப்போர்ட்டுலயும் ஒரே வார்த்தை: நார்மல்.

படிச்சவங்களுக்கு அந்த வார்த்தை நல்ல சேதி. எங்க தங்கச்சிக்கு அது குற்றப்பத்திரிகை ஆயிடுச்சு. "ஒண்ணும் இல்லைன்னு டாக்டரே எழுதிட்டாரு"ன்னு மாமியார் தெருவுல சொல்ல ஆரம்பிச்சாங்க. களையெடுப்பு வந்தா வயித்துவலி வருது, விருந்தாளி வந்தா வயித்துவலி வருது, இது வயித்துவலியா வேலைவலியான்னு கேட்டாங்க. மாப்ள நல்ல மனுசன், கெட்ட வார்த்தை பேசமாட்டாரு. ஆனா அவருக்கும் சலிச்சுப் போச்சு. ரெண்டு தடவை எங்க வீட்டுல கொண்டாந்து விட்டுட்டு, "கொஞ்ச நாள் இருக்கட்டும் மச்சான்"னுட்டுப் போயிட்டாரு. பொண்ணைப் பெத்த வீட்டுக்கும் கூடப் பொறந்தவனுக்கும் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு தெரியும். ரெண்டாவது தடவை கொண்டாந்து விட்டப்ப, திரும்பக் கூப்பிட 40 நாள் ஆச்சு.

இந்த நிலைமையிலதான் சொந்தக்காரர் ஒருத்தர் புதுசா ஒண்ணைக் கிளப்பிவிட்டாரு. "வயித்துல இல்லைன்னா மூளையிலதான் இருக்கும். வெளிநாட்டுல வயித்துவலிக்காரங்களுக்கு மூளையைத்தான் படம் எடுக்கறாங்களாம், நானே பார்த்தேன்"ன்னாரு. தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தா வியாதி கண்டுபிடிச்சுறலாம்னு எல்லாரும் நம்பிட்டாங்க. மாப்ள அவளோட சங்கிலியை அடகு வைக்கத் தயாராயிட்டாரு. "எடுத்துப் பார்த்துருவோம் மச்சான். இருந்தா வைத்தியம் பண்ணுவோம், இல்லைன்னா இதோட பேச்சை விட்டுருவோம்"ன்னாரு. அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைப் பயமுறுத்துச்சு. அதுலயும் நார்மல்னு வந்துட்டா, என் தங்கச்சி வாழ்நாள் பூரா நடிக்கிறவதான்.

ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு மதுரையில ஒரு குடல் டாக்டர்கிட்ட போனேன். வயசானவரு, பொறுமையானவரு. ஏழு வருஷத்து ரிப்போர்ட்டையும் ஒண்ணொண்ணாப் பார்த்தாரு. வலி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருது, போயிட்டு வந்தா குறையுதா, எடை குறைஞ்சுதா, ரத்தம் போகுதா, தூக்கத்துல இருந்து எழுப்புதான்னு வரிசையாக் கேட்டாரு. அப்புறம் சொன்னாரு, "தலைக்குப் படம் வேண்டாம். இதுக்குப் பேரு ஐ.பி.எஸ்."

மாப்ள, "என்ன டாக்டர், போலீஸ் ஆபீசர் மாதிரி சொல்றீங்க"ன்னாரு. ஏழு வருஷத்துல தங்கச்சி ஆஸ்பத்திரியில சிரிச்சது அன்னைக்குத்தான்.

"அப்ப மூளையைப் படம் எடுக்கறாங்கன்னு சொன்னது பொய்யா"ன்னு நான் கேட்டேன். "பொய் இல்லை. ஆனா அது ஆராய்ச்சிக்கு. உங்க தங்கச்சிக்கு என்ன வியாதின்னு அந்தப் படம் சொல்லாது. இந்த வியாதி நிசம்னு உலகத்துக்குச் சொன்னது அந்தப் படம்"ன்னாரு. அந்தப் பதில் எனக்குள்ள உக்காந்துருச்சு. என் மக நர்சிங் படிக்கிறா. லீவுக்கு வந்தப்ப அவளை உக்கார வச்சு, இங்கிலீஷ்ல இருக்கறதை எல்லாம் வாசிச்சுச் சொல்லச் சொல்லி நோட்டுல எழுதிக்கிட்டேன். பத்தாம் வகுப்பு படிச்ச எனக்குப் புரிஞ்ச அளவுக்கு உங்களுக்குச் சொல்றேன்.

குடலுக்குள்ளயே கோடிக்கணக்குல நரம்பணுக்கள் இருக்கு. அதுல இருந்து மூளைக்குப் போற பெரிய லைன் ஒண்ணு, வேகஸ் நரம்புன்னு பேரு. மூளைதான் குடலுக்கு உத்தரவு போடுதுன்னு நாம நினைக்கிறோம். ஆனா அந்த நரம்புல இருக்கற இழைகள்ல 100க்கு 80 கீழ இருந்து மேலே சேதி கொண்டு போறது. காட்டுல இருந்து வீட்டுக்கு எட்டு போன், வீட்டுல இருந்து காட்டுக்கு ரெண்டு போன் மாதிரி.

1973-ல ரிச்சின்னு ஒரு டாக்டர் ஒரு சோதனை பண்ணினாரு. பெருங்குடலோட கடைசிப் பக்கத்துல சின்ன பலூனை விட்டுக் காத்து ஊதிப் பார்த்தாரு. 60 மில்லி ஊதினப்ப, நல்லா இருக்கறவங்கள்ல 100க்கு 6 பேர்தான் வலிக்குதுன்னாங்க. இந்த வியாதிக்காரங்கள்ல 100க்கு 55 பேர் வலிக்குதுன்னாங்க. அதே பலூன், அதே காத்து. அப்பவும் சந்தேகப்படறவன், அவங்க கூட்டிச் சொல்றாங்கன்னு சொல்லலாம் இல்லையா? என் தங்கச்சி வீட்டுல சொன்னதும் அதுதானே.

அதுக்குத்தான் மூளைப் படம் வந்துச்சு. மூளையில எந்த இடம் வேலை செய்யுதோ அங்க ஆக்சிஜன் உள்ள ரத்தம் கூடுதலாப் போகும். அந்த வித்தியாசத்தை எம்.ஆர்.ஐ. மெஷின்லயே பிடிக்கலாம்னு 1990-ல செய்ஜி ஓகவாங்கற ஜப்பான் விஞ்ஞானி கண்டுபிடிச்சாரு. அதுக்கப்புறம் மனுசனை மெஷினுக்குள்ள படுக்க வச்சு, பலூனை ஊதிக்கிட்டே மூளையைப் பார்க்க ஆரம்பிச்சாங்க. அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருக்கற கலிபோர்னியா பல்கலைக்கழகம் இதுல முக்கியமான இடம்.

முதல்ல வந்த முடிவுகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலை. 1997-ல வந்த ஒரு ஆய்வுல ஒரு மாதிரி, 2000-ல வந்த ஒண்ணுல வேற மாதிரி. அப்புறம் பல ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்து 2011-ல கணக்குப் போட்டாங்க. அதுல ஒரு விஷயம் தெளிவாச்சு. அதே பலூனுக்கு, இந்த வியாதிக்காரங்க மூளையில பயம், பதட்டம் சம்பந்தப்பட்ட இடங்களும், வலியைக் கூட்டிக் குறைக்கற இடங்களும் மத்தவங்களைவிட அதிகமா வேலை செய்யுது. வாயால சொல்றதை நடிப்புன்னு சொல்லலாம். மெஷினுக்குள்ள படுத்துக்கிட்டு மூளையில ரத்தத்தை ஓடவிட்டு யாரும் நடிக்க முடியாது.

இன்னொரு ஆய்வு 2008-ல வந்தது, பொம்பளைங்களை வச்சுப் பண்ணினது. அதுதான் என்னை ரொம்ப யோசிக்க வச்சது. வலி வரப்போகுதுன்னு முன்கூட்டியே ஒரு அடையாளம் காட்டினாங்க. நல்லா இருக்கறவங்க மூளை அந்த நேரத்துல தன்னைத் தானே கொஞ்சம் அமைதிப்படுத்திக்குது. மழை வரப்போகுதுன்னா வைக்கோல் போர் மேல தார்ப்பாய் போட்டு மூடறோமே, அந்த மாதிரி. ஐ.பி.எஸ். உள்ளவங்களுக்கு அந்த மூடாக்கு சரியா விழலை. எவங்களுக்கு அது குறைவா விழுந்துச்சோ, அவங்க மூளை நிசமா வலி வந்தப்ப கூடுதலாக் குதிச்சுது. பஸ் ஏறறதுக்கு முதல் நாளே தங்கச்சிக்கு வயிறு முறுக்க ஆரம்பிக்கறது ஏன்னு அதைக் கேட்டப்புறம்தான் விளங்குச்சு.

இதுக்கு எனக்குத் தெரிஞ்ச உதாரணம் மோட்டார் ஸ்டார்ட்டர்தான். உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, போர் மோட்டார் பெட்டிக்குள்ள ஓவர்லோடு ரிலேன்னு ஒண்ணு இருக்கும். மோட்டார் அளவுக்கு மேல கரண்ட் இழுத்தா அதுவே ஆஃப் பண்ணிக் காயில் கருகாமக் காப்பாத்தும். ஒரு தடவை லைன்ல பெரிய கோளாறு வந்து யாராவது அந்த ரிலேயைக் கீழ திருகி வச்சுட்டா, அப்புறம் கொஞ்சம் இழுத்தாலே டிரிப் ஆகும். மோட்டாரை மேல தூக்கிக் கழட்டிப் பாருங்க, காயில் நல்லா இருக்கும். கேபிளைப் பாருங்க, நல்லா இருக்கும். எல்லாம் நார்மல். ஆனா தண்ணி பாயாது. தங்கச்சி வயித்துல நடக்கறது இதுதான். அந்த வாந்தி பேதியில திருகின ரிலே இன்னும் கீழயே நிக்குது.

பேதியில ஆரம்பிச்சதுன்னு நான் சும்மா அடிச்சு விடலை. கனடாவுல வாக்கர்ட்டன்னு ஒரு சின்ன ஊர். சுத்தியும் விவசாயம், மாட்டுப் பண்ணை. 2000 மே மாசம் பெரிய மழை பேஞ்சு, பக்கத்துப் பண்ணையில போட்டிருந்த மாட்டு எருவுல இருந்த கிருமி ஊர்க் குடிதண்ணிக் கிணத்துல இறங்கிடுச்சு. 2,300 பேருக்கு மேல வயித்துப்போக்கு, 7 பேர் இறந்துட்டாங்க. (எரு போட்ட விவசாயி மேல தப்பு இல்லை, அவர் முறைப்படிதான் பண்ணியிருக்காருன்னு விசாரணையில சொன்னாங்க. எரு போடறவன் நான், அதனால இதையும் எழுதிக்கிறேன்.) ரெண்டு மூணு வருஷம் கழிச்சு அந்த ஊர் ஜனங்களைத் திரும்பப் பார்த்தாங்க. அப்ப நோய் வராதவங்கள்ல 100க்கு 10 பேருக்கு ஐ.பி.எஸ். தொந்தரவு இருந்துச்சு. நோய் வந்தவங்கள்ல 100க்கு 36 பேருக்கு இருந்துச்சு. தெருவுல எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க, நீ மட்டும் ஏன் எந்திரிக்கலைன்னு கேட்ட கேள்விக்கு, உலகத்தோட அந்தக் கோடியில இருந்து பதில் வந்த மாதிரி இருந்துச்சு.

அப்படின்னா தங்கச்சி தலையைப் படம் எடுத்தா என்ன? மக இதுக்கும் விளக்கம் சொன்னா. பத்துப் பேர், இருபது பேரைச் சேர்த்துப் பார்த்தாத்தான் அந்த வித்தியாசம் தெரியும். ரெண்டு ரக விதையைப் பத்துப் பத்துக் காட்டுல போட்டா, எது கூட விளையுதுன்னு சராசரியில தெரியும். ஒரே ஒரு காட்டைக் காட்டி இது எந்த விதைன்னு கேட்டா விளைச்சலை வச்சுச் சொல்ல முடியாது. அது மட்டும் இல்லை. ஆஸ்பத்திரியில சாதாரணமா எடுக்கற தலை எம்.ஆர்.ஐ. கட்டி, அடைப்பு மாதிரி இருந்தாக் காட்டும். அதுல இவளுக்கு நார்மல்னுதான் வந்திருக்கும். சங்கிலி போயிருக்கும், கூடவே அவ பேச்சுக்கு இருந்த மிச்ச மதிப்பும் போயிருக்கும்.

டாக்டர் ராத்திரிக்கு ஒரு சின்ன மாத்திரை எழுதினாரு. வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு வகையைக் கொஞ்ச நாள் குறைச்சுப் பார்த்து, அப்புறம் ஒண்ணொண்ணாத் திரும்பச் சேர்க்கச் சொன்னாரு. ஆஸ்திரேலியாவுல மோனாஷ் பல்கலைக்கழகத்துல கண்டுபிடிச்ச சாப்பாட்டு முறையாம். என் காட்டு வெங்காயத்தை மூட்டை மூட்டையா அவ வீட்டுக்கு அனுப்பினவன் நான். "நீ போடற வெங்காயமே எனக்கு எதிரியாப் போச்சேண்ணே"ன்னு இப்ப கேலி பண்றா.

எல்லாம் சரியாப் போகும்னு நினைச்சா, 12-வது நாள் போன் வந்துச்சு. மாப்ளையோட தம்பி மகன் அந்த மாத்திரைப் பேரைப் போன்ல அடிச்சுப் பார்த்திருக்கான். மனச்சோர்வுக்குக் குடுக்கற மாத்திரைன்னு வந்திருக்கு. அவ்வளவுதான், வீடு ரெண்டாயிடுச்சு. "வயித்துவலின்னு சொன்னா, இப்பப் பைத்தியத்துக்கு மாத்திரை திங்கறா. அண்ணன்காரன் மூளையில கோளாறுன்னு தெரிஞ்சுதான் கூட்டிட்டுப் போயிருக்கான்"னு மாமியார் அழறாங்க. தங்கச்சி அன்னைக்கே மாத்திரையைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டா. இவ்வளவு நாள் நடிக்கிறவ, இனிமே பைத்தியக்காரி. எது மேல்னு சொல்லுங்க.

சாயங்காலமே கிளம்பிப் போனேன். ரிலே கதையை மாப்ளைக்குச் சொன்னேன், உடனே பிடிச்சுக்கிட்டாரு. மாத்திரை விஷயமும் சொன்னேன். அமிட்ரிப்டிலின்கற அந்த மருந்தை மனச்சோர்வுக்கு நிறைய அளவுல குடுப்பாங்க, இதுக்கு 10 மில்லிகிராம்ல ஆரம்பிக்கறாங்க. நரம்பு அனுப்பற வலியைத் தணிக்கத்தான் அது. இங்கிலாந்துல 463 பேரை வச்சுப் பார்த்து, நல்ல பலன் இருக்குன்னு 2023-ல எழுதியிருக்காங்க.

மாமியார் திண்ணையில திரும்பி உக்காந்திருந்தாங்க. அவங்களுக்கு ரிலேயும் வேண்டாம், இங்கிலாந்தும் வேண்டாம். நான் பக்கத்துல போய் உக்காந்தேன்.

"அத்தை, மாப்ள பைக்ல விழுந்துட்டாருன்னு போன் வந்துச்சே, அன்னைக்கு உங்களுக்கு என்ன பண்ணுச்சு?"

"என்ன பண்ணுமாம். வயித்துல புளியைக் கரைச்சுச்சு. ரெண்டு தடவை கொல்லைக்கு ஓடினேன். அதுக்கப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறினேன்."

"சேதி வந்தது காதுக்கு. வயித்துல எதுக்கு அத்தை புளி கரைஞ்சுச்சு?"

பதில் இல்லை.

"அது நடிப்பா?"

"எம்மகன் விழுந்து கிடக்கறப்ப நான் நடிப்பேனாடா?"

"பைத்தியமா?"

"போடா."

"உங்களுக்கு அன்னைக்கு ஒரு நாள் கலக்குச்சு. அவளுக்கு ஏழு வருஷமா அது அடங்கலை. அடங்கறதுக்குத்தான் அத்தை அந்த மாத்திரை."

அவங்க ஒண்ணும் சொல்லலை. எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாங்க. ராத்திரி நான் கிளம்பறப்ப, என்கிட்ட இல்லை, சமையல்கட்டுப் பக்கம் பார்த்து, "அந்த மாத்திரையை எடுத்து வச்சிருக்கியா, தூக்கிப் போட்டுட்டியா?"ன்னு சத்தமாக் கேட்டாங்க. மறுநாள் மாப்ள புது அட்டை வாங்கிட்டு வந்தாரு.

நம்ம பாஷைக்கு இது எப்பவோ தெரியும்னு எனக்குத் தோணுது. பயந்தா அடிவயிறு கலங்குதுங்கறோம். பொறாமையில வயிறு எரியுதுங்கறோம். நல்ல சேதி சொன்னா வயித்துல பாலை வார்த்தேங்கறோம். வெள்ளைக்காரன் மெஷின் வச்சுப் பார்த்ததைப் பேச்சுல வச்சிருக்கோம், ஆனா வீட்டுல ஒரு பொம்பளை வலிக்குதுன்னு சொன்னா மட்டும் ரிப்போர்ட் கேக்கறோம்.

இப்ப எட்டு மாசம் ஆச்சு. முழுசாக் குணமாகலை, ஆகும்னு டாக்டரும் சொல்லலை. வாரத்துல நாலு நாள் வலிச்சது இப்ப ஒரு நாள், ரெண்டு நாள். நெருக்கடியான வாரத்துல பழையபடி முறுக்குது. மாமியார் களையெடுப்பு சமயத்துல இன்னும் முணுமுணுப்பாங்க. ஆனா போன மாசம் பழனிக்குப் பஸ்ல போயிட்டு வந்தா. போறப்ப பஸ் ஸ்டாண்டுல இட்லி சாப்பிட்டான்னு மாப்ள எனக்குப் போன் பண்ணிச் சொன்னாரு. இட்லி சாப்பிட்டதுக்கு ஒருத்தர் போன் பண்ணிச் சொல்றதை நான் அன்னைக்குத்தான் பார்த்தேன்.

டவுன்ல இருக்கற நீங்க இதை வாசிக்கறப்ப, உங்க ஆபீஸ்லயே இப்படி ஒருத்தர் இருக்கலாம். மீட்டிங்குக்கு முன்னாடி பாத்ரூமுக்கு ஓடறவரு, டூர் போகலாம்னா வரமாட்டேங்கறவரு. அவர்கிட்ட "எல்லாம் மனசுதான்"னு சொல்லிறாதீங்க. மூளை சம்பந்தம் இருக்குங்கறது வேற, பொய்யிங்கறது வேற.

ஒண்ணு மட்டும் கண்டிப்பாச் சொல்லணும். மலத்துல ரத்தம், காரணமில்லாம எடை குறையறது, ரத்தசோகை, தூக்கத்துல எழுப்பற வலி, 50 வயசுக்கு மேல புதுசா ஆரம்பிக்கற தொந்தரவு, வீட்டுல யாருக்காவது குடல் புத்துநோய் இருந்தது, இதுல ஒண்ணு இருந்தாலும் இந்தப் பதிவை வாசிச்சுட்டுச் சும்மா இருந்துறாதீங்க, டாக்டர்கிட்ட போங்க. மாத்திரையையும் நான் எழுதினதை வச்சு நீங்களா வாங்காதீங்க. அவ வயிறு வேற, உங்க வயிறு வேற.

வர்ற வாரம் திருகல் நோய். நாளைக்கு நம்ம காட்டுக்கு மூணு மணி கரண்ட், விடியக்காலை எந்திரிக்கணும். வர்றேன்.